புரட்டாசியில் இலையைத் திருப்பிப் பாருங்கள்: டர்பன் தோட்டத்தில் முதல் வசந்தம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவர்களைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் மண் முதல் வருடம் குழப்பிவிடும். இங்கே ஆடி என்றால் குளிர்காலம். மழை இல்லை, புல்வெளி காய்ந்து வெளுத்துக் கிடக்கும். செப்டம்பர் முதல் தேதிதான் இந்த நாட்டில் வசந்தம் பிறக்கும் நாள். இரண்டு வாரம் கழித்துப் புரட்டாசி வருகிறது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அந்த மாதம் முழுவதும் அசைவம் கிடையாது. கீரை, கத்தரி, வெண்டை, டபுள் பீன்ஸ் எல்லாம் அன்றாடம் வேண்டும். கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவருக்குத் தனி மகிழ்ச்சி. சரியாக அதே வாரங்களில்தான் பூச்சிகளும் பெருகத் தொடங்குகின்றன.

இதை இருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒருவர், தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காக வந்து, வாடகை வீட்டின் பின்புறத்தில் முதல் முறையாக மண்ணைக் கொத்துபவர். இன்னொருவர், இங்கேயே பிறந்து, ஆயா போட்டுவைத்த தோட்டம் புல் மண்டிப்போனதைப் பார்த்து மீண்டும் தொடங்க நினைப்பவர். இருவருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வாரம் தவறாமல் பார்ப்பவருக்குக் கடைக்குப் போகும் தேவை அநேகமாக வராது.

முதலில் காற்றைக் கவனியுங்கள்

டர்பனின் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்வது. அதற்கு முன்னால், குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும், ட்ராக்கன்ஸ்பெர்க் மலைப்பக்கத்திலிருந்து கடலை நோக்கி ஓர் உலர்ந்த சூடான காற்று இறங்கும். பெர்க் காற்று என்பார்கள். காலையில் குளிருக்குப் போர்த்தியிருந்தவர் மதியம் மின்விசிறி தேடுவார். ஒன்றிரண்டு நாளில் அது திடீரென ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்றும் தூறலும் வந்து சேரும்.

தோட்டத்தின் நோயும் பூச்சியும் இந்த இரண்டு காற்றையும் ஒட்டித்தான் வருகின்றன. பெர்க் காற்று அடித்த நாட்களை அடுத்து செஞ்சிலந்தி, இலைப்பேன் போன்றவை பெருகும். அவற்றுக்கு வறட்சியும் சூடும் பிடிக்கும். முப்பது டிகிரி வெயிலில் செஞ்சிலந்தியின் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளர்ந்த சிலந்தியாகிவிடும். தூறல் நாட்களை அடுத்து வருபவை பூசண நோய்கள்: ரோஜாவில் கரும்புள்ளி, தக்காளியில் இலைக்கருகல், நாற்றங்காலில் நாற்றழுகல். எனவே காலண்டரில் இரண்டே குறி போதும். சூடான காற்று வந்த நாளைக் குறித்து, மூன்று நான்கு நாள் கழித்து இலையின் அடியைப் பாருங்கள். தொடர் தூறல் வந்த நாளைக் குறித்து, ஒரு வாரம் கழித்துக் கீழ் இலைகளைப் பாருங்கள்.

ஞாயிறு காலை அரை மணி நேரம்

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ், ஒரு வெள்ளைத் தாள், கத்தரிக்கோல், மூடியுள்ள ஒரு டப்பா, ஒரு சிறு நோட்டுப் புத்தகம். வெயில் ஏறுவதற்கு முன் இறங்கிவிடுங்கள்.

செடியை முதலில் மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். எந்தச் செடி மற்றவற்றைவிட வெளுத்திருக்கிறது, எது தலை சாய்ந்திருக்கிறது என்பது தூரத்தில்தான் தெரியும். பிறகு கிட்டே போய்க் கொழுந்தைப் பாருங்கள்; சாறு உறிஞ்சுபவை இளந்தளிரைத்தான் முதலில் தேடும். அதன்பின் நடு இலை ஒன்றையும் கீழ் இலை ஒன்றையும் திருப்பிப் பாருங்கள். கடைசியாகத் தண்டு மண்ணைத் தொடும் இடம். ஒவ்வொரு செடியையும் இப்படிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பாத்திக்கு ஐந்து செடி போதும். ஆனால் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

செஞ்சிலந்தி கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. இலையின் மேல்பக்கத்தில் ஊசியால் குத்தியது போல வெளிர்ப்புள்ளிகள் தெரிந்தால், இலையின் அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். மிளகுத்தூள் போலச் சில புள்ளிகள் விழும். பத்து எண்ணும் வரை அசையாமல் பாருங்கள். தூசி அப்படியே கிடக்கும். சிலந்தி நகரத் தொடங்கும். முதல் முறை அந்தப் புள்ளி நகர்வதைப் பார்த்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது. அன்றிலிருந்து வெளிர்ந்த இலை எதையும் தாள் பிடிக்காமல் விடுவதில்லை.

கண்டதை நோட்டில் எழுதிவையுங்கள். செடி, தேதி, எத்தனை இலையில் என்ன. அடுத்த ஞாயிறு எண்ணிக்கை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் எதையும் முடிவு செய்ய முடியும்.

கொல்லும் முன் அடையாளம் காணுங்கள்

தோட்டம் தொடங்கிய முதல் வருடம் என் பீன்ஸ் கொடியில் கறுப்பாக, முதலைக்குட்டி போல நீண்டு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு சில புழுக்கள் ஊர்ந்தன. பார்க்கவே பயங்கரமாக இருந்ததால் ஒன்று விடாமல் நசுக்கினேன். பத்து நாளில் கொடி முழுக்க அசுவினி அப்பிக்கொண்டது. நான் நசுக்கியவை பொறிவண்டின் குஞ்சுகள் என்று பிறகுதான் தெரிந்தது. அவை வளர்ந்து வண்டாவதற்குள் நூற்றுக்கணக்கில் அசுவினியைத் தின்பவை. நான் கொன்றது என் வேலையாட்களை.

ஆகவே முதல் பருவத்தில் சிலவற்றைத் தொடாதீர்கள். பொறிவண்டும் அதன் குஞ்சும். அசுவினிக் கூட்டத்தின் நடுவே நெளியும் கால் இல்லாத பச்சைப் புழு, அது மிதவை ஈயின் குஞ்சு. கும்பிடுபூச்சி. வேலியில் மெல்ல நடக்கும் குட்டிப் பச்சோந்தி. டர்பன் பகுதிக்கே உரிய ஓர் இனம் உண்டு, அது உங்கள் செடியில் குடியிருந்தால் கொடுத்துவைத்தவர் நீங்கள். புல்வெளியில் நீண்ட அலகால் குத்திக் குத்தி நடக்கும் ஹடீடா பறவை விடியற்காலையில் கத்தித் தூக்கத்தைக் கெடுத்தாலும், அது மண்ணிலிருந்து இழுப்பது உங்கள் நாற்றை வெட்டப்போகும் புழுவைத்தான்.

அசுவினியைப் பிடிக்க எறும்பைப் பாருங்கள்

வசந்தத்தில் முதலில் வருவது அசுவினி. பெண் அசுவினிக்கு ஆணும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். நேரே குஞ்சு ஈனும். அந்தக் குஞ்சு ஏழு முதல் பத்து நாளில் தானும் ஈனத் தொடங்கும். முதல் ஞாயிறு ஒரு கொழுந்தில் இருந்தது மூன்றாம் ஞாயிறு பாத்தி முழுக்க இருப்பதன் காரணம் இதுதான்.

அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி மூன்றும் இனிப்பான ஒரு கழிவைச் சொட்டவிடும். அதற்காக எறும்பு வரிசை கட்டி ஏறும். ஏறுவதோடு நிற்காமல் பொறிவண்டைக் கடித்துத் துரத்தி, அசுவினிக்குக் காவலும் இருக்கும். அந்த இனிப்பு இலையில் படிந்தால் அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து, அடுப்புக்கரி பூசியது போல இலை கறுத்துவிடும். புதியவர்கள் அந்தக் கறுப்பை நோய் என்று நினைத்துப் பூசணமருந்து வாங்கி அடிக்கிறார்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள், கறுப்பு உதிர்ந்து உள்ளே பச்சை தெரியும். குற்றவாளி மேலே எங்கோ ஒரு கிளையில் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

முதலில் எறும்பின் பாதையை அடைத்துவிடுங்கள். தொட்டிச் செடியானால் அடியில் கல் வைத்து, கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். எலுமிச்சை போன்ற மரமானால் தண்டில் துணிப்பட்டை சுற்றி, அந்தத் துணியின்மேல் ஒட்டும் பசை பூசுங்கள். பசையை நேரே மரப்பட்டையில் தடவாதீர்கள். தரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

அடுத்தது தண்ணீர். ஒரு கையால் கொழுந்தைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் குழாய் நீரை இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சுங்கள். கீழே விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை திரும்பி ஏறாது. ஒன்றுவிட்டு ஒருநாள், மூன்று முறை.

அப்படியும் அடங்காவிட்டால் சோப்புக் கரைசல். ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து முதல் பத்து மில்லி மென்மையான திரவச் சோப்பு போதும். கூடுதலாக ஊற்றினால் பூச்சியோடு இலையும் போகும். சோப்பு பூச்சியின் உடலில் நேரே பட்டால்தான் வேலை செய்யும். காய்ந்தபின் அதில் சக்தி இல்லை. எனவே இலையடி முழுக்க நனைய வேண்டும். இரண்டு இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடியுங்கள். வெயில் இறங்கிய பிறகே அடியுங்கள். ஒருமுறை அவசரப்பட்டு நண்பகலில் அடித்து, மிளகாய்க் கொழுந்துகள் எல்லாம் நெருப்பில் வாட்டியது போல ஓரம் கருகியதைப் பார்த்தேன். வேப்பெண்ணெய்க்கும் இதே விதி: லிட்டருக்கு ஐந்து மில்லி, கரைவதற்குச் சில துளி சோப்பு, மாலை நேரம்.

வேம்பைச் சொன்னதால் ஓர் எச்சரிக்கை. டர்பன் சாலையோரங்களில் வேம்பு போலவே இலை விட்டு நிற்கும் மரத்தை இங்கே சிரிங்கா என்பார்கள். நம் மலைவேம்புதான் அது. மாரியம்மன் பூசைக்கு வேப்பிலைக்குப் பதிலாக அதன் கொத்தை ஒடித்து வருபவர்களும் உண்டு. ஆனால் அதன் மஞ்சள் காய்கள் நஞ்சு. அதை அரைத்து வேப்பங்கொட்டைக் கரைசல் என்று நினைத்துக் கீரையில் தெளித்துவிடாதீர்கள்.

மாவுப்பூச்சி பஞ்சு போலக் கணுக்களில் ஒளிந்திருக்கும். செம்பருத்தியில் அதிகம். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். பொறுமையான வேலை, ஆனால் ஒரு தொட்டிக்குப் பத்து நிமிடம்தான்.

மிளகாய் இலை சுருண்டால் அது சுருண்ட திசையைப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகு போல மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் மஞ்சள் சிலந்தி. பூச்சிக்கொல்லி அடித்தும் சிலந்தி பெருகுகிறதே என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்து சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சியையும் கொன்றுவிடுவதால்தான் அப்படி ஆகிறது. சிலந்திக்கு நனையும் கந்தகத்தூள் ஏற்றது. ஆனால் வெயில் முப்பது டிகிரியைத் தாண்டும் நாளில் அதைத் தெளிக்காதீர்கள். எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது, இலை கருகிவிடும்.

புழுக்கள்

காலையில் போய்ப் பார்த்தால் நேற்று நட்ட தக்காளி நாற்று கோடரியால் வெட்டியது போலத் தரையில் கிடக்கும். வெட்டுப்புழு. இரவில் வெட்டிவிட்டுப் பகலில் அங்கேயே மண்ணுக்குள் சுருண்டு படுத்திருக்கும். வெட்டுண்ட நாற்றைச் சுற்றி இரண்டு அங்குல ஆழம் விரலால் கிளறுங்கள். சாம்பல் நிறத்தில், கொழுத்து, வளையம் போலச் சுருண்ட புழு அகப்படும். மிச்ச நாற்றுகளுக்குச் செய்தித்தாளை மடித்துக் கழுத்துப்பட்டை போலச் சுற்றி, ஓர் அங்குலம் மண்ணுக்குள்ளும் இரண்டு அங்குலம் வெளியேயும் இருக்குமாறு வையுங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

மக்காச்சோளம் போட்டவர்கள் அமெரிக்கப் படைப்புழுவை அறிந்திருக்க வேண்டும். 2017 தொடக்கத்தில்தான் இந்த நாட்டில் அது முதலில் உறுதி செய்யப்பட்டது. அடுத்த வருடமே இந்தியாவையும் எட்டியது. குருத்துக்குள் மரத்தூள் போல ஈரமான எச்சம் தெரிந்தால் விரித்துப் பாருங்கள். புழுவின் நெற்றியில் தலைகீழாகப் போட்ட ஆங்கில ஒய் எழுத்து, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இவை இரண்டும் இருந்தால் சந்தேகமே இல்லை. வீட்டுத் தோட்டத்தில் இருபது முப்பது செடிதான் என்பதால் கையால் எடுப்பதே நல்லது. குருத்தில் ஒரு சிட்டிகை மணல் போடுவதும் புழுவைத் தொல்லைப்படுத்தும்.

தக்காளி இலையில் காகிதம் போல வெளுத்த திட்டுகள் தோன்றி, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிறு புழு தெரிகிறதா? அது ஊசித்துளைப்பான், 2016 முதல் இங்கே உள்ளது. அந்த இலையைக் கிள்ளி மூடிய பையில் போட்டு வெயிலில் வையுங்கள். உரக்குழியில் போட்டால் அங்கிருந்தே அந்து பறந்து வரும். முட்டைக்கோஸ், கீரை இவற்றின் சிறு புழுக்களுக்குப் பி.டி. எனப்படும் நுண்ணுயிர் மருந்து நல்லது. புழு அதைத் தின்றால்தான் சாகும். பெரிய புழுவை அது அவ்வளவாகப் பாதிக்காது. சூரிய ஒளி அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். எனவே புழு சிறிதாக இருக்கும்போதே, மாலையில்.

எலுமிச்சைக் கன்றிலோ கறிவேப்பிலையிலோ குருவி எச்சம் ஒட்டியது போல ஏதாவது தெரிந்தால் குனிந்து பாருங்கள். அது எச்சம் இல்லை, உயிருள்ள புழு. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு நெடி விடும். வளர்ந்தால் மஞ்சளும் கறுப்புமான பெரிய பட்டாம்பூச்சி ஆகும். சின்னக் கன்றை நான்கு நாளில் மொட்டையாக்கிவிடும் என்பது உண்மை. ஆனாலும் எனக்கு அதைக் கொல்ல மனம் வருவதில்லை. இலையோடு எடுத்துப் பெரிய மரத்தில் விட்டுவிடுகிறேன். அங்கே சில இலைகள் போவதால் ஒன்றும் குறையாது.

நோய்: எதைக் காப்பாற்றலாம், எதைக் கைவிட வேண்டும்

பூசணி இலையில் வெள்ளை தெரிந்தவுடன் பதறாதீர்கள். சில ரகங்களுக்கு நரம்போரமாக வெள்ளித் திட்டுகள் இயல்பாகவே இருக்கும். விரலால் தேய்த்தால் மாவு ஒட்டினால்தான் சாம்பல் நோய். இந்த நோய்க்கு இலை நனைய வேண்டியதில்லை. வறண்ட பகலும் குளிர்ந்த இரவும் போதும். ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு நீர் கலந்து, வாரம் ஒருமுறை காலை வெயிலில் தெளித்தால் ஆரம்பத்திலேயே கட்டுப்படும். மா பூக்கும்போது பூங்கொத்தில் இதே வெள்ளை படிந்தால் பிஞ்சு நிற்காது. அதற்குக் கந்தகம் வேண்டும்.

ரோஜாவின் கரும்புள்ளி நோய் நேர்மாறு. அதன் வித்து முளைக்க இலை தொடர்ந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றுபவர் இரவெல்லாம் அந்த ஈரத்தைக் கொடுக்கிறார். காலையில், வேரடியில் ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். அடுத்த தூறலில் நோய் அவற்றிலிருந்துதான் தெறிக்கிறது. செடியின் நடுக்கிளைகளைக் கவாத்து செய்து காற்று புகவிடுங்கள். இதன் பிறகும் புள்ளி ஏறினால் மட்டும் மருந்து.

தக்காளியும் கத்தரியும் நேற்று வரை செழிப்பாக நின்று, நண்பகலில் பச்சை மாறாமலே தொங்கினால் எனக்கு வயிறு கலங்கும். தண்ணீர் ஊற்றியும் மறுநாள் நிமிராவிட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். அடித்தண்டில் விரல் நீளம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் நிரப்பி, வெட்டுமுனை நீரில் படும்படி தொங்கவிடுங்கள். அசைக்காதீர்கள். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால் நூல் போல ஒன்று மெல்ல இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். மருந்து கிடையாது. கிடையாது என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் பலர் கண்டதை எல்லாம் வாங்கி ஊற்றுகிறார்கள். செடியை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் எடுத்துப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். கத்தரிக்கோலையும் கையையும் கழுவுங்கள். அந்தப் பாத்தியில் சில வருடங்கள் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை வேண்டாம், மக்காச்சோளம் போடலாம்.

நூல் தெரியாமல், பிடுங்கிய வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் இருந்தால் நூற்புழு. டர்பனின் மணற்பாங்கான செம்மண்ணில் இது சகஜம். இதற்குச் செண்டுமல்லி உண்மையாகவே உதவும். அங்கொன்று இங்கொன்றாக வைத்தால் பயன் இல்லை. பாத்தி முழுக்க நெருக்கமாக விதைத்து, இரண்டு மாதமாவது வளரவிட்டு, அப்படியே மண்ணோடு கொத்திவிட வேண்டும். பூசைக்குப் பூ பறித்துக்கொள்ளலாம். செண்டுமல்லிக்கே செஞ்சிலந்தி வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அழகுச் செடிகளில் இரண்டு

டர்பனைச் சுற்றிய இந்த நேட்டால் மண்ணில் இயல்பாகவே வளரும் கிளிவியா, நிழலில் ஆரஞ்சுப் பூக்குடை விரிப்பது இந்த மாதங்களில்தான். அகப்பாந்தஸ் பின்னால் வரும். இரண்டுக்கும் எமன் லில்லித் துளைப்பான்: கறுப்பும் மஞ்சளும் பட்டையிட்ட புழு. இலையின் இரு தோலுக்கும் நடுவே கூட்டமாகத் தின்றுகொண்டே அடிக்கிழங்கு வரை இறங்கும். இலையில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் திட்டு தெரிந்த அன்றே அந்த இலையைத் திட்டுக்கும் கீழே வெட்டி நசுக்குங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் செடியின் நடு அழுகி நாறும்.

மரங்களுக்கு வந்திருப்பது இன்னும் பெரிய ஆபத்து. இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு தண்டுத்துளைப்பான் வண்டு, தன்னோடு ஒரு பூசணத்தையும் சுமந்துவந்து மரத்துக்குள் பயிரிடும். 2017இல் பீட்டர்மரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில் அது கண்டறியப்பட்டது. இன்று நாட்டின் பல நகரங்களில் சாலையோர மரங்கள் அதனால் சாகின்றன. அவகாடோவையும் அது தாக்கும். பட்டையில் பேனா முனை அளவு துளைகள், சுற்றிலும் கறை, வெள்ளைப் பொடி, பிசின். இவற்றைக் கண்டால் அந்த மரத்தின் விறகை வேறு ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். விறகோடுதான் வண்டும் பயணம் செய்கிறது.

மருந்து வாங்கியே ஆக வேண்டும் என்றால்

லேபிளைப் பாருங்கள். 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டப்படி பதிவான மருந்தில் எல் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் இருக்கும். அடியில் ஒரு வண்ணப்பட்டை: பச்சை மிகக் குறைந்த நஞ்சு, அடுத்து நீலம், பிறகு மஞ்சள், சிவப்பு மிகக் கொடியது. வீட்டுத் தோட்டத்துக்குள் மஞ்சளும் சிவப்பும் வரவே கூடாது என்பது என் கருத்து.

நடைபாதையில் லேபிள் இல்லாமல் சிறு பொட்டலங்களாக விற்பதை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். 2024 அக்டோபரில் சோவெட்டோவின் நலேடி பகுதியில் 6 குழந்தைகள் இறந்தார்கள். டெர்புஃபாஸ் என்ற வேளாண் பூச்சிக்கொல்லிதான் காரணம் என்று அரசு அறிவித்தது. வயலுக்கு மட்டும் உரிய நஞ்சு எலி மருந்தாகவும் கரப்பான் மருந்தாகவும் தெருவில் கிடைத்ததால் வந்த சாவு அது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு ஒரு பொட்டலத்தையும் என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. வாங்க நிற்பவரிடம் சொல்லாமல் நகர்வதில்லை.

தெளித்த நாளிலிருந்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் லேபிளில் இருக்கும். மூன்று நாள் என்றால் மூன்று, பதினான்கு என்றால் பதினான்கு. புரட்டாசிச் சனிக்கிழமைக்குப் பறிக்க நினைக்கும் கீரையில் வியாழக்கிழமை எதையும் தெளிக்காதீர்கள். பூத்து நிற்கும் செடியில், தேனீ பறக்கும் நேரத்தில் தெளிக்காதீர்கள். மீதியைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைக்காதீர்கள். நத்தைக்குப் போடும் நீலப் பச்சைக் குருணைகளில் மெட்டால்டிஹைட் இருந்தால் நாய் தின்று செத்துவிடும். இரும்புப் பாஸ்பேட் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது இரவில் டார்ச்சோடு போய்க் கையால் பொறுக்குங்கள். யாராவது மருந்தை விழுங்கிவிட்டால் நஞ்சு உதவி எண் 0861 555 777, இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், ஆம்புலன்சுக்கு 10177. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

ஊரிலிருந்து கொம்பு கொண்டுவராதீர்கள்

இதைச் சொல்லும்போது எனக்கே மனம் சங்கடப்படுகிறது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா வளர்த்த கறிவேப்பிலையில் ஒரு கொம்பு, மல்லிகையில் ஒரு பதியன், ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட யாருக்குத்தான் ஆசை இராது? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றபோது, அதுவும் இதே வசந்தத்தின் கடைசி வாரங்கள்தான். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் அவர்களில் பலர் காய்கறி பயிரிட்டுத்தான் பிழைத்தார்கள். ஊர்ச் செடிமேல் உள்ள பாசம் இங்கே பழையது.

ஆனால் ஆசியாவில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் கிரீனிங் நோயைப் பரப்பும் தத்துப்பூச்சி, கறிவேப்பிலைத் தளிரில்தான் மகிழ்ச்சியாக முட்டையிடுகிறது. அரிசிமணியைவிடச் சிறிய அந்த முட்டை ஒரே கொம்பில் வந்துவிட்டால் போதும். அனுமதிச் சீட்டு இல்லாமல் செடியோ விதையோ கொண்டுவருவது சட்டப்படி குற்றமும்கூட.

தேவையும் இல்லை. சாட்ஸ்வொர்த்தில் எந்தத் தெருவிலும் மூன்று வீட்டுக்கு ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. ஒவ்வொரு மரத்தின் வேரடியிலும் கன்று முளைத்துக் கிடக்கிறது. நான் வைத்திருக்கும் மரம் அப்படி வந்ததுதான். பக்கத்து வீட்டு ஆயாவிடம் கேட்டேன். "எடுத்துக்கொள் கண்ணு, ஆனால் வேரில் என் மண்ணும் சேர்ந்து வரட்டும்" என்றார். கன்றைத் தொட்டியில் வைத்து, மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி இரண்டு வாரம் தனியாக வைத்திருந்தேன். தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் ஓர் இலையடியில் நாலைந்து அசுவினி. கட்டைவிரலால் துடைத்துவிட்டு, மேலும் ஒரு வாரம் தனியாக வைத்திருந்து, அதன்பிறகே மண்ணில் நட்டேன்.